அத்தியாயம் 6: கணிப்பு குறைவாக வந்தால் – இந்த ஆண்டே விண்ணப்பிப்பதா, ஒரு வருடம் பொறுப்பதா?

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உயர்தரம் படித்த பெற்றோருக்குப் பல்கலைக்கழக அனுமதி என்றால் ஓர் ஒழுங்கு மனதில் இருக்கும். முதலில் பரீட்சை. பிறகு பெறுபேறும் இசட் புள்ளியும். அதன் பிறகுதான் விண்ணப்பம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் நீட் மதிப்பெண் கையில் கிடைத்த பிறகே கலந்தாய்வு. பிரித்தானியாவில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. ஏ லெவல் பரீட்சை மே, ஜூன் மாதங்களில் நடக்கும். பெறுபேறு ஆகஸ்ட் நடுவில் வரும். மருத்துவத்துக்கான விண்ணப்பமோ அதற்குப் பத்து மாதம் முந்தியே, அக்டோபர் 15 மாலை 6 மணிக்குள், பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸுக்குப் போய்விட வேண்டும்.

பெறுபேறு இல்லாத விண்ணப்பத்தில் அந்த இடத்தை நிரப்புவது பள்ளிக்கூடம். பிள்ளை எந்த கிரேட் எடுப்பார் என்று பாட ஆசிரியர்கள் எதிர்பார்க்கிறார்களோ, அதைப் பள்ளி எழுதி அனுப்பும். இதுதான் பிரெடிக்டட் கிரேட். இந்த அத்தியாயத்தில் அதைக் கணிப்பு என்றே சொல்வோம்.

பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் மூன்று ஏ கேட்கின்றன. ஒக்ஸ்போர்ட் ஒரு ஏ ஸ்டாரும் இரண்டு ஏயும், கேம்பிரிட்ஜ் இரண்டு ஏ ஸ்டாரும் ஓர் ஏயும் கேட்கின்றன. உங்கள் பிள்ளைக்குப் பள்ளி தந்திருக்கும் கணிப்பு இரண்டு ஏ ஒரு பி, அல்லது ஓர் ஏ இரண்டு பி என்றால் என்ன செய்வது? கனவை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம், பயத்தாலும் முடிவெடுக்க வேண்டாம். பிள்ளையின் விண்ணப்பத்தை வாசிக்கவே இடமில்லாத கல்லூரிகளுக்கு மருத்துவத்துக்குள்ள நான்கு தெரிவையும் செலவழிப்பதைவிட, பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பது மேல். வாசிக்க ஓர் இடமாவது இருந்தால் இந்த ஆண்டே முயலலாம். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் வழியைக் கீழே படிப்படியாகப் பார்ப்போம்.

கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

கணிப்பு என்பது சாதகமான சூழலில் மாணவர் அடையக்கூடிய கிரேட் என்று யூகாஸ் விளக்குகிறது. அதாவது அது சற்று மேல்நோக்கிய மதிப்பீடு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஜில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. சிறந்த மூன்று ஏ லெவல் பாடங்களை எடுத்துப் பார்த்தால், கணித்தபடியே பெறுபேறு வந்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே. 75 சதவீதத்தினருக்குப் பள்ளிகள் கூடுதலாகவே கணித்திருந்தன. குறைவாகக் கணிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்.

இந்த எண்களை வீட்டில் நேர்மையாக வாசிக்க வேண்டும். ‘ஆசிரியர் குறைத்துப் போட்டுவிட்டார், பரீட்சையில் பிள்ளை காட்டுவார்’ என்ற எண்ணம் எல்லா வீட்டிலும் வரும். பொதுவாக நடப்பது அதற்கு எதிர்: கணிப்பைவிடப் பெறுபேறு குறைகிறது. ஆகவே இரண்டு ஏ ஒரு பி என்று கணித்திருந்தால், மூன்று ஏ எடுக்கப் பிள்ளை இப்போதைய நிலையிலிருந்து நன்றாகவே மேலே வர வேண்டியிருக்கும்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விடயமும் உண்டு. உயர்ந்த பெறுபேறு எடுக்கும் மாணவர்களுக்குள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே குறைவான கணிப்பு கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். வகுப்பில் கையுயர்த்தத் தயங்கும் பிள்ளை, இடையில் நாடு மாறி வந்து ஆங்கிலத்தில் இன்னும் தடுமாறும் பிள்ளை ஆகியோர் வீட்டில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளை எந்த வகை என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. திருத்திய விடைத்தாள்கள்தான் சொல்லும்.

ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

பெரும்பாலான பள்ளிகள் 12ஆம் ஆண்டு முடிவில், ஜூன் அளவில் நடக்கும் உள்பரீட்சையை வைத்துக் கணிக்கின்றன. செப்டம்பரில் இன்னொரு சோதனை வைத்து மாற்ற இடம் தரும் பள்ளிகளும் உண்டு. முதலில் உங்கள் பள்ளியின் விதி என்ன என்று கேட்டறியுங்கள்.

கேட்க வேண்டியவர் பிள்ளை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘எந்தச் சோதனையில் எவ்வளவு எடுத்தால் என் கணிப்பை ஏ ஆக மாற்றுவீர்கள்?’ இந்தக் கேள்விக்கு ஆசிரியர் தரும் பதில் கோடை விடுமுறைக்கு ஒரு திட்டமாகிவிடும். ‘கெமிஸ்ட்ரியில் ஓர்கானிக் பகுதி பலவீனம், செப்டம்பர் சோதனையில் அதை நிரூபி’ என்று ஆசிரியர் சொன்னால், எட்டு வாரத்தில் செய்யக்கூடிய வேலை அது. ‘எல்லாப் பகுதியிலும் பி அளவில்தான் இருக்கிறாய்’ என்றால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் பள்ளிக்குப் போய் வாதாடி கிரேட்டை உயர்த்தலாம் என்று நினைக்க வேண்டாம். பெற்றோரின் அழுத்தம் கணிப்பைப் பாதிக்கக் கூடாது என்று யூகாஸ் பள்ளிகளுக்கு வழிகாட்டுகிறது. வாதாடிப் பெற்ற ஏயில் ஆபத்தும் இருக்கிறது. அந்தக் கணிப்பால் மூன்று ஏ நிபந்தனையோடு ஓர் இடம் கிடைத்து, ஆகஸ்டில் ஒரு பி வந்தால், அந்த இடம் கைவிட்டுப் போகலாம். மருத்துவ இடங்களின் எண்ணிக்கையை அரசு வரையறுத்திருக்கிறது. மற்றப் பாடங்களில் ஒரு கிரேட் தவறினாலும் பல சமயம் சேர்த்துக்கொள்வார்கள். மருத்துவத்தில் இடம் மீந்திருந்தால்தான் அந்தப் பேச்சே எழும்.

பிள்ளைக்கு நோய், வீட்டில் மரணம், வீடு மாறுதல் போன்ற காரணங்கள் இருந்தால் அதை ஆசிரியரிடம் மறைக்க வேண்டாம். யூகாஸுக்குப் பள்ளி எழுதும் பரிந்துரையில் இப்படியான சூழ்நிலைகளைக் குறிப்பிடத் தனிப் பகுதியே இருக்கிறது. பள்ளிக்குத் தெரியாததைப் பள்ளி எழுதாது.

முடிவுக்கு முன் பார்க்க வேண்டிய நான்கு

*ஒன்று: யூகேட் புள்ளி.* பிமாட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சை 2023ஓடு நின்றுவிட்டது. இப்போது ஏ லெவல் முடித்து வருபவர்களுக்குப் பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகள் ஏறக்குறைய எல்லாமே கேட்பது யூகேட் என்ற நுழைவுப் பரீட்சை. ஜூலையிலிருந்து செப்டம்பர் இறுதி வரை எழுதலாம். ஆண்டுக்கு ஒரு தடவைதான். 2025 முதல் மொழி, முடிவெடுத்தல், எண் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 900 முதல் 2700 வரை புள்ளி. சூழ்நிலைத் தீர்ப்புப் பகுதிக்குத் தனியே நான்கு தரங்கள். புள்ளி உடனே தெரிந்துவிடும். அந்த ஆண்டில் எழுதியவர்களுக்குள் பிள்ளை எந்தப் பத்தில் ஒரு பங்கில் நிற்கிறார் என்பதும் செப்டம்பரில் வரும் இடைக்காலப் பட்டியலில் ஏறக்குறையத் தெரியும். கணிப்பு குறைந்த பிள்ளைக்கு யூகேட் மேல்மட்டத்தில் இருந்தால் ஒரு கதவு திறந்திருக்கிறது. இரண்டும் குறைந்தால் இந்த ஆண்டை விட்டுவிடலாம்.

*இரண்டு: ஜிசிஎஸ்இ.* கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் போன்ற இடங்கள் ஜிசிஎஸ்இக்குப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தி வந்திருக்கின்றன. பிரிஸ்டல் போன்றவை அடிப்படைத் தகுதி இருந்தால் யூகேட்டை மட்டும் வைத்தே நேர்முகத்துக்கு அழைத்து வந்திருக்கின்றன. பிள்ளையின் பலம் எதுவோ, அந்தப் பலத்துக்கு மதிப்புத் தரும் கல்லூரியைத் தேட வேண்டும். முறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மருத்துவக் கல்லூரிகள் மன்றம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் தகுதிப் பட்டியலையும் அந்தந்தக் கல்லூரியின் அந்த ஆண்டுக்குரிய அறிவிப்பையும் பார்க்காமல் எந்தப் பெயரையும் தெரிவு செய்ய வேண்டாம். போன வருடம் உறவினர் வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது இந்த வருட விதி ஆகாது.

*மூன்று: எந்தப் பாடத்தில் பி?* பல இடங்கள் கெமிஸ்ட்ரியிலோ பயாலஜியிலோ, சில இடங்கள் இரண்டிலுமே, கட்டாயம் ஏ கேட்கும். கணிதத்தில் பி வருவதும் கெமிஸ்ட்ரியில் பி வருவதும் ஒன்றல்ல. தகுதி அறிவிப்பில் ‘கணிக்கப்பட்ட அல்லது பெற்ற குறைந்தபட்ச கிரேட்’ என்று போட்டிருந்தால், அதற்குக் கீழே கணிப்புள்ள விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே நின்றுவிடும். பிள்ளை எழுதும் தன்விளக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே அதை யாரும் வாசிக்கப் போவதில்லை. ஐயம் இருந்தால் அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘கெமிஸ்ட்ரியில் பி கணிப்பு இருக்கிறது, பரிசீலிப்பீர்களா?’ என்று நேரே கேட்டால் நேரே பதில் வரும்.

*நான்கு: சூழல் சலுகை.* நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இலவசப் பள்ளி உணவு பெற்றவர், குறைந்த எண்ணிக்கையானோரே பல்கலைக்கழகம் போகும் அஞ்சல் குறியீட்டில் வசிப்பவர், பெறுபேறு குறைந்த அரசுப் பள்ளியில் படித்தவர், குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போகிறவர், அகதியாக வந்தவர் என்று கல்லூரிக்குக் கல்லூரி வரையறை உண்டு. அதற்குள் வந்தால் பல இடங்களில் ஒன்றிரண்டு கிரேட் குறைத்துக் கேட்பார்கள். இன்னும் மேலே, கேட்வே என்ற ஆறு வருடப் படிப்பு இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி, சவுதாம்டன், நொட்டிங்ஹாம், லெஸ்டர், லீட்ஸ், ஈஸ்ட் அங்கிலியா ஆகியவை இதை நடத்துகின்றன. இவை ஓர் ஏ இரண்டு பி, அல்லது மூன்று பி அளவிலேயே ஆள் எடுக்கின்றன. முடிவில் கிடைப்பது அதே மருத்துவப் பட்டம்தான். இந்த வகைக்குத் தகுதி இருந்தும் ‘இலவச உணவு எடுத்தோம் என்று எழுதுவதா?’ என்று கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். அந்தச் சலுகை உங்கள் பிள்ளைக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. இலவசப் பள்ளி உணவு பெறுவோருக்கு யூகாஸ் கட்டணமும் இல்லை. யூகேட் கட்டணத்துக்கும் உதவி உண்டு.

ஓர் எச்சரிக்கை: விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுக்கான ஆயத்த ஆண்டும் ஆறு வருடப் படிப்பாகவே பட்டியலில் இருக்கும். அது வேறு. அதற்கு மற்றப் பாடங்களில் உயர்ந்த கிரேட்டே கேட்பார்கள்.

எத்தனை கிரேட் குறைவு? அதற்கேற்ற முடிவு

*ஒரு கிரேட் குறைவு (இரண்டு ஏ, ஒரு பி).* யூகேட் மேல்மட்டத்தில் இருந்து, பரிசீலிப்பதாகச் சொன்ன கல்லூரி ஒன்றாவது இருந்தால் விண்ணப்பியுங்கள். செப்டம்பர் சோதனையில் கணிப்பை மாற்றப் பள்ளி இடம் தந்தால் அதுவரை பொறுத்து, பிறகு அனுப்புங்கள். யூகேட் நடுத்தரம் என்றால், சூழல் சலுகை இல்லாத பிள்ளைக்கு அடுத்த ஆண்டே நல்லது.

*இரண்டு கிரேட் குறைவு (ஓர் ஏ, இரண்டு பி).* சலுகைக்கோ கேட்வேக்கோ தகுதி இருந்தால் இந்த ஆண்டே அனுப்புங்கள். நான்கு தெரிவையும் அந்த வகை இடங்களுக்கே வையுங்கள். தகுதி இல்லை என்றால் விண்ணப்பிக்க வேண்டாம். யூகேட்டுக்கும் நேர்முகப் பயிற்சிக்கும் போகும் நேரம் முழுவதும் கெமிஸ்ட்ரிக்கும் பயாலஜிக்கும் போகட்டும். கணிப்பு குறைந்த பிள்ளைக்கு இல்லாத ஒன்று நேரம். மருத்துவ விண்ணப்பம் முதலில் எடுத்துக்கொள்வதும் அதைத்தான். 13ஆம் ஆண்டில் நான்கு மறுப்புக் கடிதங்கள் வாங்கிக்கொண்டு, அந்தச் சோர்வோடு பரீட்சை எழுதி, வரக்கூடிய ஏயையும் இழக்க வேண்டியதில்லை.

*மூன்று பி அல்லது அதற்கும் கீழே.* கேட்வே தகுதி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் பிள்ளையோடு இன்னொரு பேச்சுப் பேச வேண்டும்: மருத்துவத்தில் பிள்ளையை இழுப்பது எது? நோயாளிகளோடு நேரடியாக வேலை செய்ய விரும்பும் பிள்ளைக்குப் பாராமெடிக், பிசியோதெரபி, ரேடியோகிராஃபி, தாதியம் ஆகியவை நல்ல தொழில்கள். இங்கிலாந்தில் இவற்றைப் படிப்போருக்கு என்எச்எஸ் ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுண் உதவித்தொகை தருகிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பக் கெடு ஜனவரியில்தான்.

ஐந்தாவது தெரிவு

யூகாஸில் ஐந்து தெரிவு உண்டு. மருத்துவத்துக்கு நான்கைத்தான் பயன்படுத்தலாம். ஐந்தாவதில் பலர் யோசிக்காமல் பயோமெடிக்கல் சயன்ஸ் போடுகிறார்கள், ‘முடித்துவிட்டு மருத்துவத்துக்கு மாறலாம்’ என்ற நம்பிக்கையில். சில பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டு முடிவில் வெகு சிலரை மாற்றிக்கொள்கிறார்கள். அதை நம்பிச் சேர்வது நல்ல திட்டம் அல்ல.

பணக் கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்துப் பிள்ளை ஒரு பட்டம் முடித்தபின் வழக்கமான ஐந்து வருட மருத்துவத்தில் சேர்ந்தால், முதல் நான்கு வருடத்துக்கும் கல்விக் கட்டணக் கடன் கிடைக்காது. 2025–26இல் அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண். பட்டதாரிகளுக்கான நான்கு வருட மருத்துவப் படிப்புக்கு அரசு உதவி உண்டு. ஆனால் அங்கே இடம் குறைவு, போட்டி கடுமை.

ஆகவே ஐந்தாவது தெரிவுக்கு ஒரே அளவுகோல்: ஆகஸ்டில் மருத்துவம் இல்லை என்றாகி, இந்தப் படிப்பு மட்டும் கையில் நின்றால் பிள்ளை விருப்பத்தோடு போவாரா? போவார் என்றால் போடுங்கள். இல்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுவதில் தவறே இல்லை.

பொறுக்கும் ஆண்டு

அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தால், பிள்ளை முழுக் கவனத்தோடு ஏ லெவல் எழுதுவார். ஆகஸ்டில் மூன்று ஏ வந்தால் அதோடு கணிப்பு என்ற பேச்சு முடிந்தது. அக்டோபரில் உறுதியான பெறுபேற்றோடு விண்ணப்பிக்கலாம். பரீட்சை முடிந்த கோடையில் யூகேட்டுக்குத் தேவையான நேரமும் இருக்கும். பராமரிப்பு இல்லத்திலோ மருத்துவமனையிலோ உதவியாளராக வேலை செய்தால், நேர்முகத்தில் சொல்லச் சொந்த அனுபவமும் கையில் கொஞ்சம் பணமும் இருக்கும்.

மூன்று ஏ வராவிட்டால் திரும்ப எழுதலாமா? எழுதலாம், ஆனால் இரண்டு விடயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, மறுமுறை எழுதியவர்களை எடுக்காத கல்லூரிகளும், முதல் தடவையிலேயே குறிப்பிட்ட அளவு எடுத்திருக்க வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகளும் உண்டு. இரண்டாவது, ஏ லெவல் மறுபரீட்சை அடுத்த கோடையில்தான். அந்த அக்டோபரில் விண்ணப்பித்தால் மறுபடியும் கணிப்போடுதான் போக வேண்டும். அதை எழுதித் தர ஒரு கல்லூரியோ பள்ளியோ வேண்டும். மறுபரீட்சைப் பெறுபேறு வந்தபின் விண்ணப்பித்தால் இன்னும் ஒரு வருடம் கூடும். இதைக் கணக்கில் எடுத்து, முதல் தடவைப் பரீட்சைக்கே முழுப் பலத்தையும் கொடுப்பது நல்லது.

கிரேட் கேட்காமல் சேர்ப்பதாகச் சொல்லும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி முகவர்களும் இந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வருவார்கள். அந்தப் பட்டத்தோடு பிரித்தானியாவில் வேலை செய்ய என்ன பதிவு, என்ன பரீட்சை வேண்டும் என்பதைப் பொது மருத்துவ மன்றத்திடமே கேட்டறியாமல் ஒரு பவுணும் கட்டாதீர்கள்.

நாட்காட்டி

ஜூன்: உள்பரீட்சை, முதல் கணிப்பு. பிள்ளை ஆசிரியரிடம் கேள்வி கேட்கும் நேரம்.
ஜூலை, ஆகஸ்ட்: பலவீனமான பகுதிகளில் வேலை, யூகேட் ஆயத்தம்.
செப்டம்பர் தொடக்கம்: பள்ளிச் சோதனை, கணிப்பு மறுபார்வை.
செப்டம்பர் நடு: யூகேட் இடைக்காலப் பட்டியல். கல்லூரிகளுக்கு மின்னஞ்சல்.
செப்டம்பர் இறுதி: வீட்டில் முடிவு. பள்ளியின் உள் கெடு அக்டோபர் 15க்கு முன்பே முடிந்துவிடும். அந்தத் திகதியைக் கேட்டு வையுங்கள்.

பெற்றோருக்கு

‘பிள்ளை எந்த யூனிவர்சிட்டி?’ என்று கல்யாண வீட்டிலும் கோயிலிலும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அனுப்பப்படும் விண்ணப்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் நிறைய. இலங்கையில் உயர்தரத்தை இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் எழுதி மருத்துவ பீடம் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களை இன்று யாரும் எத்தனையாவது தடவை என்று கேட்பதில்லை. டொக்டர் என்றுதான் அழைக்கிறார்கள். அங்கே நீங்கள் இயல்பாக ஏற்றுக்கொண்ட அந்த ஒரு வருடத்தை இங்கே உங்கள் பிள்ளைக்கும் கொடுங்கள். தகுதியான இடம் ஒன்று இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். இல்லை என்றால், பொறுப்பது என்ற முடிவை நீங்களே முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லப் பிள்ளை உங்களுக்குப் பயப்படும்படி விட்டுவிடாதீர்கள்.